கொளத்துக்கு உரம் போறது நம்ம வூட்டு பைப்புல இருந்துதானுங்க

கோயமுத்தூர்ல ஒரு கொளத்தங்கரைப் பக்கம் குடியிருக்கற அம்மா ஒருத்தங்க கேட்டிருக்காங்க, "கொளம் பூரா ஆகாயத்தாமரை, அப்பப்ப மீனு செத்து மெதக்குது, சோப்புத்தூளைக் கொறைச்சாப் போதுமுங்களா, வூட்டுல வேற என்ன பண்றது?"ன்னு.

சோப்பைக் கொறைங்க, நல்லதுதான், ஆனா அங்கிருந்து ஆரம்பிக்காதீங்க. மொதல்ல உங்க செப்டிக் டேங்க் தண்ணி எங்க போயி வுழுகுதுன்னு பாருங்க. நெறைய வூட்டுல அது சோக் பிட்டுக்கு, அதாவது தண்ணி மண்ணுல ஊறி எறங்கற குழிக்குப் போகாம நேரா தெருச் சாக்கடைக்கு பைப்பு போட்டு வுட்டிருக்கு, அந்தச் சாக்கடை மழைத்தண்ணி வாய்க்கால்ல சேர்ந்து கடைசில கொளத்துக்குத்தான் போகுது. டேங்குல கசடுதான் தங்கும், தண்ணில கரைஞ்ச சத்து முக்காவாசி அப்படியே வெளிய வந்துரும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 1 கிராம் பாஸ்பரஸ்ங்கற உரச்சத்து கக்கூஸ் வழியாப் போகுதுங்க, நாலு பேர் இருக்கற வூட்டுக்கு வருசத்துக்கு ஒன்னரைக் கிலோ ஆச்சு, அதாவது வயலுக்குப் போடற டிஏபி உரம் 7 கிலோவுல இருக்கற அளவு. அத்தனையும் வருசா வருசம் கொளத்துல கொட்டுனா ஆகாயத்தாமரை வளராம என்னங்க பண்ணும்?

பாஸ்பரஸை நான் இத்தனை தூரம் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கனடாவுல 1973-ல ஒரு ஏரியை நடுவுல திரை போட்டு ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், இன்னொரு பக்கம் அதோட பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டுப் பாத்தாங்க, பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் பாசி புடிச்சுப் பச்சையாயிருச்சு. அந்தப் பாசி ராத்திரில ஆக்சிஜனை இழுக்கும், செத்து அழுகறப்ப இன்னும் இழுக்கும், அதனாலதான் விடியக்காலைல மீனு சாகறது.

அதனால தெருவுல பாதாளச் சாக்கடை வந்திருந்தா செலவு பாக்காம கனெக்சன் வாங்கிருங்க. வரலைன்னா சோக் பிட் போடுங்க, மண்ணு பாஸ்பரஸை நல்லாப் புடிச்சு வெச்சுக்கும், ஆனா கழிவுத்தண்ணில இருக்கற நைட்ரேட்டுங்கற நைட்ரஜன் சத்தைப் புடிக்காது, அது நெலத்தடித் தண்ணில எறங்கிரும், அதனால கெணறு, போர்ல இருந்து 60 அடியாவது தள்ளிப் போடணும். டேங்கை ரெண்டு மூனு வருசத்துக்கு ஒருக்கா லாரி வெச்சு எடுங்க, என்ன அவசரம்னாலும் ஆளை உள்ள எறக்கவே கூடாது, 2013-லயே சட்டம் இருக்கு, உசுரு போற வேலைங்க அது. லாரிக்காரரு எங்க கொண்டு போயி ஊத்தறாருன்னும் கேளுங்க, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாம ஓடைல ஊத்துனா எடுத்தும் புண்ணியமில்ல.

மாடு இருந்தா சாணியை வாய்க்கால் ஓரம் குவிக்காதீங்க, ஒரு நல்ல மழைக்கு அத்தனையும் அடிச்சுட்டுப் போயிரும், மேட்டுல குழி எடுத்து மூடி வெச்சா எருவாச்சு. மழை வர்ற அன்னைக்குத் தென்னைக்கும் ரோசாச் செடிக்கும் உரம் வெக்க வேண்டாம். பாத்திரம் கழுவற தண்ணியை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பி வுடுங்க. சோப்புத்தூள் பாஸ்பேட் இல்லாததா வாங்குங்க, தூளையும் அளவாப் போடுங்க.

இன்னொன்னு, ஆளுக சேர்ந்து ஆகாயத்தாமரையை இழுத்துக் கரைல போட்டுட்டுப் போயிடறாங்க, அது அழுகி அதே சத்து மறுபடியும் கொளத்துக்குள்ளயே எறங்கிரும். அன்னைக்கே வண்டில ஏத்தித் தள்ளிக் கொண்டு போயி மக்க வைங்க. சாக்கடைத்தண்ணில வளந்தது, அதனால மாட்டுக்குப் போட வேண்டாம், காய்கறிப் பாத்திக்கும் வேண்டாம், நெழல் மரத்துக்கு மட்டும் போடுங்க.