வேலை இடத்து மன அழுத்தத்தைச் சிரிப்பும் நல்ல பழக்கங்களும் குறைக்குமா?

குறைக்கும். ஆனால் யாரைப் பார்த்து, யாரோடு சேர்ந்து சிரிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ராமேஸ்வரத்துக்கு அருகில் உள்ள மண்டபம் ஊரில் இறாலும் நண்டும் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகுகள் கரை சேரும் காலையில் எடை, ஐஸ், லாரி, விலை கேட்கும் போன் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஐஸ் தாமதித்தால் இறாலின் தரம் இறங்கும், விலை இறங்கும். மேலாளரின் குரல் மட்டும் ஏறும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை இந்தக் கரையில் சிறுபிள்ளையும் அறியும். 1 என்றால் புயல் எங்கோ தொலைவில். 10 என்றால் பேரபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது. தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் மேலாளரின் முகத்தைப் பார்த்து, "இன்றைக்கு மூன்றாம் எண்" என்று முணுமுணுக்கத் தொடங்கினார். மேலாளர் போனை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் பதினொன்று.

விஷயம் அவர் காதுக்கும் போனது. வேலை போயிற்று என்று நினைத்தோம். மறுநாள் அவரே வந்து, "ஏழு ஏற்றியிருக்கிறேன், லாரி கிளம்பும்வரை யாரும் முன்பணம் கேட்காதீர்கள்" என்றார். இப்போது நாங்களும் அவரவர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். எட்டு என்று சொன்னவரிடம் யாரும் கூடுதல் வேலையை நீட்டுவதில்லை. இந்த ஏற்பாட்டை எந்தப் பயிற்சி வகுப்பும் எங்களுக்குத் தந்திருக்காது.

கனடா உளவியலாளர் ராட் மார்ட்டினும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் நகைச்சுவையை நான்காகப் பிரித்தார்கள்: பிறரோடு சேர்க்கும் சிரிப்பு, தன்னைத் தேற்றும் சிரிப்பு, பிறரைக் குத்துவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. கடைசி இரண்டும் வேலை இடத்தைக் கெடுக்கும். எங்கள் கொட்டகையில் ஒரு பையனின் எடை போடும் வேகத்தைக் கேலி செய்தார்கள்; அவன் டீ குடிக்கக்கூடத் தனியாகப் போகத் தொடங்கினான். கூண்டு எண் அவனுக்கும் ஒன்று கிடைத்த பிறகே பேச்சுக்கு வந்தான்.

பழக்கங்கள் என்று பெரிதாக எதுவும் இல்லை. படகு வருவதற்கு முன் சாப்பிட்டுவிடுவேன். பசியோடு இருப்பவனிடம் நகைச்சுவை எடுபடாது. ஒவ்வொரு எடைச் சீட்டையும் அப்போதே பதிவேன். இரவில் விலை கேட்கும் போனை எடுப்பதில்லை.

கடினம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் கொஞ்சம் வரும், கொட்டகையில் ஆளே இருக்காது. வேலைப் பளுவைவிட வெறுமை அதிகம் அழுத்துகிறது. தனித்திருப்பவன் எதைச் சொல்லிச் சிரிப்பான்? அதனால் அந்த மாதங்களிலும் காலை டீக்கு எல்லோரும் கடற்கரைக் கடையில் கூடுகிறோம்.

சம்பளப் பாக்கி, ஓயாத கூடுதல் நேரம், அவமதிப்பு ஆகியவற்றை மட்டும் சிரித்து மழுப்பாதீர்கள். தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.