ஆரஞ்சுச் சட்டை நாளைப் பற்றி மகளிடம் எப்படிச் சொல்வது?

வணக்கம். செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை போட்டுவரச் சொல்லி டொராண்டோ பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஏழு வயது மகள் பயந்துவிடாமல் காரணத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஃபில்லிஸ் வெப்ஸ்டாடின் கதையில் தொடங்குங்கள். 1973இல், ஆறு வயதில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளிக்குப் போன பூர்வகுடிப் பெண் அவர். பாட்டி வாங்கிக் கொடுத்த புத்தம்புது ஆரஞ்சுச் சட்டையை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். திருப்பித் தரவே இல்லை. அந்தச் சட்டையின் நினைவாகத்தான் இந்த நாளில் ஆரஞ்சுச் சட்டை போடுகிறார்கள். கிட்டத்தட்ட உங்கள் மகளின் வயதுதான், அவளுக்குச் சட்டென்று புரியும்.

அப்புறம், பூர்வகுடிப் பிள்ளைகளை அம்மா அப்பாவிடமிருந்து பிரித்தார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் இருந்தார்கள். அங்கே இறந்துபோன பிள்ளைகளின் புதைகுழிகளைப் பற்றிய செய்திகள் இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

‘பிறகு வந்து குடியேறிய நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்’ என்று உறவினர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறுபவர்களைப் பற்றியவை. அதன்படிதான் 2021இல் குடியுரிமை உறுதிமொழியில் பூர்வகுடிகளின் உரிமைகள் சேர்க்கப்பட்டன. இன்று குடியுரிமை வாங்கும் நம் ஆட்களும் அதைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள்.

சட்டை புதிதாக வாங்குவதென்றால் பூர்வகுடிக் கலைஞர்கள் வடிவமைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் பழைய ஆரஞ்சுச் சட்டை இருந்தாலும் போதும்.