தொங்கலில் விழும் முடிச்சு

"இசையை உயிராக நேசித்த உங்கள் தாயாரையோ பாட்டியையோ பற்றி எழுத முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருநாளும் மேடை ஏறாத, சுருதிப்பெட்டியைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்காத என் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

அம்மா குடியாத்தத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றினார். முதல் நாள் இரவே நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைத்த இலையைக் காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் அளவாக வெட்டி, முறத்தை மடியில் ஏந்தித் திண்ணையில் உட்கார்ந்தார் என்றால், வெயில் தெருவின் எதிர்ப்பக்கம் போகும்வரை எழுந்திருக்க மாட்டார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது கணக்கு. அந்த ஆயிரத்தையும் அவர் முருகன்மேல் அருணகிரிநாதர் இயற்றிய திருப்புகழைப் பாடிக்கொண்டேதான் சுற்றினார்.

திருப்புகழ் அவருக்கு முதலில் வந்தது கோயில் வழியாக அன்று, கொட்டகை வழியாக. 1964-இல் டி.எம்.சௌந்தரராஜன் அருணகிரிநாதராகவே நடித்துப் பாடிய படத்தைத் திருமணத்துக்கு முன்பு மணல் தரையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார். பிறகு மார்கழி விடியலில் எங்கள் தெருவில் வந்த பஜனைக் குழுவின் பின்னால் நடந்து நடந்தே அறுபது, எழுபது பாடல்களைக் காதால் பிடித்துக்கொண்டார். எழுத்து வாசனை அவருக்கு இல்லை.

திருப்புகழின் உயிர் சந்தம், அதாவது மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஓசை அளவு, என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 'முத்தைத்தரு' பாடலை எடுத்துக்கொண்டால், 'தத்தத்தன தத்தத் தனதன' என்ற அளவு மூன்று முறை மடங்கி வந்து 'தனதான' என்று முடியும். முடிவில் தனியே நிற்கும் அந்தத் துண்டுக்குத் தொங்கல் என்று பெயர். அம்மா செய்தது என்னவென்றால், இலையில் தூளைப் பரப்புவது முதல் மடக்கு, உருட்டுவது இரண்டாவது, முனையை நகத்தால் உள்ளே தள்ளுவது மூன்றாவது என்று தன் விரல் வேலையைச் சந்தத்தோடு பூட்டி, நூலைச் சுற்றி இழுக்கும் முடிச்சைச் சரியாகத் தொங்கலில் போட்டார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பள்ளி விடுமுறையில் நூல் கட்ட எங்களை உட்கார வைக்கும்போது, "அவசரப்படாத கண்ணு, தொங்கல் வரட்டும், அப்பறம் கட்டு" என்பார். தாளத்தைப் பற்றி நான் பின்னாளில் கேட்ட எந்த விளக்கமும் அதைவிடத் தெளிவாக இருந்ததில்லை.

பீடியைக் கொண்டுபோய்ப் போடும் இடத்தில், சுற்று தளர்வு என்று சொல்லி ஒரு கைப்பிடியை எடுத்துக் கழித்துவிடும் நாட்கள் உண்டு. கழித்ததற்குக் கூலியும் கிடையாது. அந்த நாட்களில் மட்டும் மாலைவரை வீட்டில் பாட்டு இருக்காது.

ஆடிக் கிருத்திகைக்குக் காட்பாடி வழியாக வள்ளிமலை போவது எங்கள் வழக்கம். திருப்புகழை ஊர் ஊராகப் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அங்கே வாழ்ந்தவர்; 1950-இல் மறைந்தார். ஆங்கிலப் புத்தாண்டில் துரைமார்களைத் தேடிப்போய் வணங்குவதைவிடத் திருத்தணியில் இருக்கும் பெரிய துரையை வணங்குங்கள் என்று சொல்லி, 365 படிகளிலும் பாடி ஏறும் படிவிழாவைத் தொடங்கி வைத்தவர் அவரே. துறவுக்கு முன்பு மைசூர் அரண்மனையில் சமையல் வேலை செய்தவர் என்பதுதான் அம்மாவுக்கு மிகவும் பிடித்த செய்தி. புகையிலை நாற்றமடிக்கும் கையோடு சாமி பாட்டா என்று உறவில் ஒருவர் முகம் சுளித்தபோது, "சமையக்காரரு ஊர் ஊரா கொண்டுபோன பாட்டு இது, பீடிக்காரி பாடுனா ஒட்டாதா?" என்று கேட்டார். அதற்குப் பின் அந்த உறவினர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசி ஆண்டுகளில் தூளின் நெடி நெஞ்சில் இறங்கி, இருமல் அவருடைய குரலை எடுத்துக்கொண்டது. முறத்தை அப்போது நாங்கள் பரணில் ஏற்றிவிட்டோம். வேலூரில் பாட்டு வகுப்புக்குப் போய்வந்த என் மகள், "ஆயா, இது என்ன தாளம்?" என்று கேட்பாள். பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. வெறும் விரல்களால் இல்லாத இலையை உருட்டிக் காட்டுவார். அவள் அதைப் பார்த்துப் பாடுவாள்.

அவர் பாடப் பாட, நான் எட்டாவது படிக்கும்போது தொடங்கி ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அவர் இறந்த பிறகு, தணிகைமணி செங்கல்வராய பிள்ளையின் உரைப் பதிப்போடு அதை ஒப்பிட்டேன். பல இடங்களில் சொற்கள் வேறாக இருந்தன. மறந்துபோன அடிகளில் அம்மா தன் சொற்களைப் போட்டு நிரப்பியிருக்கிறார். பொருள் சில இடங்களில் எங்கோ போய்விடுகிறது, ஒரு பாட்டில் முருகனின் மயில் எங்கள் ஊர்க் கவுண்டன்ய ஆற்றுப் பக்கமாகக்கூட வந்துவிட்டது. ஆனால் குறில் வரவேண்டிய இடத்தில் குறிலும், வல்லொற்று இடிக்க வேண்டிய இடத்தில் வல்லொற்றும் இருக்கின்றன. நான் பார்த்தவரை சந்தம் ஓரிடத்திலும் உடையவில்லை.

சிவப்பு மையால் திருத்தத் தொடங்கி இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். மகள் இன்றும் ஆயாவின் பாடத்தையே பாடுகிறாள், கவுண்டன்ய ஆற்று மயிலையும் சேர்த்து.