ப்ளக்கைப் பிடுங்கியாச்சு, இன்னும் என்ன பயம்?

பரணில் கிடக்கும் பழைய 21 இஞ்ச் டிவியைப் பிரிக்கலாமா? ஓடி ஆறு மாதம் ஆகிறது.

ஆறு மாதம் சும்மா கிடந்ததால் ஆபத்து குறைவுதான், அதற்காக அப்படியே கை வைக்காதீர்கள். பிக்சர் டியூபின் முதுகில் குடை மாதிரி ஒரு ரப்பர் மூடி இருக்கும். டிவி ஓடும்போது அதற்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், டியூபே ஒரு பெரிய கெபாசிட்டராக அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல பிளாஸ்டிக் பிடியுள்ள நீள ஸ்க்ரூட்ரைவரின் தண்டில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை டியூபின் முதுகை ஒட்டி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள் (போர்டில் போய் எர்த் தேட வேண்டாம்), அப்புறம் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முனையை மூடிக்கு அடியில் மெல்ல நுழையுங்கள். ‘டப்’ என்று கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பத்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை செய்யுங்கள், கண்ணாடியில் ஊறியிருக்கும் சார்ஜ் மெல்லத் திரும்பி வரும். தொழில் கற்ற புதிதில் ஒரு தடவையோடு விட்டுவிட்டு, டீ குடித்து வந்து தொட்டேன். ஷாக் என்னவோ ஒரு நொடிதான். கையை உதறிய வேகத்தில் தகரத்தில் கிழிந்த முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

டியூபைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், மெல்லிய கண்ணாடி அது, உள்ளே வெற்றிடம். உடைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், பின்பக்கக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது.

டிவியின் பவர் சப்ளையில் (எஸ்எம்பிஎஸ்) இருக்கும் பெரிய கெபாசிட்டரின் இரண்டு காலையும் ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் பண்ணினால் போதும் என்கிறானே நண்பன்?

பண்ணலாம், முனை உருகி, பொறி கண்ணில் தெறிக்கப் பரவாயில்லை என்றால். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது, விளையாட்டில்லை. ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், அவற்றைக் கெபாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்தால் பல்பு மின்னி அணையும். பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். லைன் டெஸ்டர் எரியவில்லையே என்று தொட்டுவிடாதீர்கள், அது இந்த வேலைக்கு உதவாது.

மைக்ரோவேவ் ஓவன் ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்து ஏதாவது செய்யலாமா?

வேண்டாம். டிவி ஷாக் பெரும்பாலும் உதறித் தள்ளும், இது ஆளைக் கொல்லும். 2,000 வோல்ட்டும் இருக்கிறது, அதற்குத் தோதான ஆம்பியரும் இருக்கிறது. அதை வைத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடப் போய்ச் செத்தவர்கள் உண்டு.

போன் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பிவிட்டது, ஊசியால் காற்றை எடுக்கலாமா?

ஐயோ, கூடவே கூடாது! உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் வாயு, குத்தினால் தகடுகள் ஷார்ட்டாகிப் பற்றிக்கொள்ளும். சார்ஜ் போடாதீர்கள், கத்தி விட்டு நெம்பவும் வேண்டாம். உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, மூடியை இறுக்காமல், வீட்டுக்கு வெளியே வையுங்கள். இ-வேஸ்ட் வாங்குகிற இடத்தில் “உப்பின பேட்டரி” என்று சொல்லிக் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை வண்டிக்குள் தீப்பிடிக்கும்.

வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கலாமா?

வயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரியும் புகையில் டையாக்சின் என்ற நச்சு வரும். பிளேடால் சீவுங்கள், இல்லை வயரோடு எடைக்குப் போடுங்கள், கொஞ்சம் காசு குறையும், அவ்வளவுதான்.