மகன் தொண்டையை விடுங்கள், மாமனார் மூச்சை எண்ணுங்கள்

குடியாத்தம் வாசகிக்கு,

மூன்று பக்கக் கடிதம். அதில் இரண்டே முக்கால் பக்கம் மூன்று வயது மகனைப் பற்றி. தொண்டைச் சளிப் பரிசோதனையில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே' என்று வந்ததாம். நிமோனியா என்ற நுரையீரல் தொற்றைக் கொடுக்கக்கூடிய கிருமி அது. இந்தக் கிருமியில் நூறு வகை உண்டு, மரபணுவை மாற்றிக்கொண்டே இருக்கும், தடுப்பூசியெல்லாம் வீண் என்று இணையத்தில் படித்தீர்களாம். கடைசிப் பக்கத்தின் அடியில் போகிறபோக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மாமாவுக்கும் நாலு நாளாக இருமல். காய்ச்சல் இல்லை. நேற்றிலிருந்து பேச்சு முன்னுக்குப்பின் இருக்கிறது. வயது 68, சர்க்கரை உண்டு."

அதைப் படித்ததும் உங்களைக் கூப்பிட்டு, போனை வைக்காமலே அவர் மூச்சை எண்ணச் சொன்னேன். நிமிடத்துக்கு 32. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மற்ற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, நிமோனியா வந்தால் உடம்பு சுட வேண்டும் என்று கட்டாயமில்லை. சோறு வேண்டாம் என்பார்கள், செவ்வாய்க்கிழமையை ஞாயிறு என்பார்கள், 'வயசாயிடுச்சு' என்று நாம் விட்டுவிடுவோம். படுத்திருக்கும்போது போர்வையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடமும் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கும் வேலை வேண்டாம். எண்ணுவதை அவரிடம் சொல்லவும் வேண்டாம், சொன்னால் மூச்சை அடக்கிக் காட்டுவார். 20-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். 25 என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 30-ஐத் தொட்டாலோ, கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இருமலோடு பேச்சும் குழம்பினால் எண்ணிக்கொண்டுகூட நிற்காதீர்கள். முதலில் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே அடுக்கம்பாறையில் இருக்கும் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தால், 'நாளைக்குப் போகலாம்' என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

சரி, இப்போது மகன். அவனுக்கு ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் மூக்கிலும் தொண்டையிலும் இந்தக் கிருமி சும்மா குடியிருக்கும், சில வாரத்தில் தானே போகும், வேறொரு வகை வரும். யாரும் எழுதிக் கொடுக்காமல் நீங்களாக லேபுக்குப் போய் எடுத்த பரிசோதனை அது. பால்வாடியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு எடுத்தாலும் அதையே காட்டலாம். அவன் மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அந்த நூறு வகை உண்மைதான், நூற்றுக்கும் மேலேயே உண்டு. கிருமியைச் சுற்றி வழவழப்பான சர்க்கரை உறை இருக்கிறது. வெள்ளணு பிடிக்கப் போனால் விரால் மாதிரி வழுக்கிவிடும். உறையின் சர்க்கரை மாறினால் அது வேறு வகை. உறை இல்லாதது பெரும்பாலும் சாது. 1928-இல் லண்டனில் கிரிஃபித் என்பவர், உறையுள்ள கிருமியைச் சூட்டில் கொன்று, உயிருள்ள உறையில்லாக் கிருமியோடு கலந்து எலிக்குப் போட்டார். எலி செத்தது, அதன் இரத்தத்தில் உறை போட்ட கிருமி உயிரோடு இருந்தது! சாது, செத்த கிருமியின் சட்டையை மாட்டிக்கொண்டது எப்படி என்று 1944-இல் நியூயார்க்கில் ஏவரி குழுவினர் காட்டினார்கள்: கைமாறியது மரபணு அடங்கிய டி.என்.ஏ. ஆக, இணையம் உங்களை மிரட்டிய சேதிக்கு வயது கிட்டத்தட்ட நூறு.

ஊசி வீண் என்பது பொய். அதிகம் தீங்கு செய்யும் வகைகளாகப் பொறுக்கித்தான் ஊசி செய்கிறார்கள். நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் மூளை உறைக்கும் கிருமி போகாமல் தடுப்பது அதன் வேலை. மூக்கைக் காலி செய்து தருவதாக அது வாக்குக் கொடுக்கவில்லை. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் மூன்றும் போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். போதும்.

எனக்குக் கோபம் வந்தது இரண்டாவது பக்கத்தில். மூக்கொழுகலுக்கு மெடிக்கலில் கேட்டு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், அதுவும் இரண்டு தடவை! சளிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். அதை இந்த மருந்து தொடவே தொடாது. ஆனால் மூன்று நாள் கொடுத்த மருந்து உடம்பில் பல நாள் தங்கும். அந்த நாட்களில் மருந்துக்குச் சாகிற கிருமி செத்துப்போகும், தாங்குகிற கிருமி மூக்கைப் பிடித்துக்கொள்ளும். தாங்கும் வித்தையை அது பக்கத்துக் கிருமிகளின் டி.என்.ஏ துண்டிலிருந்தே எடுத்திருக்கும். அப்புறம் அவன் தாத்தா மடியில் உட்கார்ந்து தும்மினால் போய்ச்சேர்வது அந்த ரகம்தான். உங்கள் பயத்தில் உண்மை இருப்பது இந்த ஒரு இடத்தில்.

'இவனாலதான் அவருக்கு வந்துச்சு' என்று அத்தை சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பேரன் மூக்கிலிருந்து கிருமி போயிருக்கலாம். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் துடைப்பம் மாதிரி சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்களை நாற்பது வருடமாகக் கருக்கியது பீடிப் புகை. கிருமியை எதிர்க்கும் தெம்பைக் குறைத்தது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை. இந்தப் பத்தியை அத்தையிடம் படித்துக் காட்டுங்கள்.

மாமா வீடு திரும்பியதும், அவருக்கும் நிமோனியா ஊசி எப்போது போடலாம் என்று அங்கே பார்த்த டாக்டரிடமே கேளுங்கள். மகனுக்கு மருந்து எதுவும் வேண்டாம். மூக்கைத் துடைத்துவிட்டுப் பால்வாடிக்கு அனுப்புங்கள்.