பள்ளி எல்லை மாறினால் வீட்டு விலை என்ன ஆகும்? கேள்வி பதில்

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று கோடு போடுவது, பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் போர்டு (நிர்வாகக் குழு). அந்தக் கோடு நகரப்போகிறது என்றதும் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் புறநகர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. வரி, சட்டம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எந்த மாநிலம் என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்): எங்கள் சப்டிவிஷனை (குடியிருப்பை) வேறு ஹைஸ்கூலுக்கு மாற்றும் மேப் வந்திருக்கிறது சார். வீட்டு விலை 20 சதவீதம் விழும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. போர்டின் வோட்டெடுப்புக்கு முன்பே விற்றுவிடலாமா?

பதில்: அந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று குரூப்பில் கேட்டுப் பாருங்கள், பதில் வராது. இந்த விஷயத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஆய்வு சாண்ட்ரா பிளாக் 1999-ல் வெளியிட்டது. பாஸ்டன் புறநகர்களில் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் வீடுகளை ஒப்பிட்டார். தொடக்கப் பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று வந்தது. 8 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 20,000. விற்பதென்றால் ஏஜென்ட் கமிஷன், டைட்டில் (பத்திர) செலவு, வாங்குபவர் கேட்கும் தள்ளுபடி, சாமான் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்து 7 சதவீதம் என்று வைத்தாலே 56,000 போகும். பழைய 3 சதவீத வட்டிக் கடன் கையில் இருந்தால் அதையும் விட்டுவிட்டு இன்றைய வட்டிக்குப் போக வேண்டும்.

அதற்காக ஒன்றுமே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். கிளீவ்லாந்தை அடுத்த ஷேக்கர் ஹைட்ஸில் 1987-ல் எல்லைகளை மாற்றியபோது, பக்கத்துப் பள்ளியை இழந்த பகுதிகளில் வீட்டு மதிப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்ததாக போகார்ட், க்ராம்வெல் இருவரும் 2000-ல் எழுதினார்கள். நடந்து போகும் தூரத்தில் பள்ளி என்பதற்கே தனி விலை உண்டு. ஆகவே ரேட்டிங்கை மட்டும் பார்க்காதீர்கள். புதுப் பள்ளி எத்தனை மைல், பஸ் வருமா, அண்ணன் தம்பி இரண்டு பள்ளிக்குப் பிரிவார்களா என்பதையும் பாருங்கள். மூன்றும் மோசம் என்றால்தான் கவலைப்பட விஷயம் இருக்கிறது.

வோட்டெடுப்புக்கு முன்பு விற்பதுதான் பெரும்பாலும் மோசமான நேரம். மேப் வரைவாக இருக்கும்போது வாங்குபவர் இரண்டு பள்ளிகளில் மோசமானதை மனதில் வைத்து ஆஃபர் போடுவார். முடிவு தெரிந்துவிட்டால் அந்தப் பயத்துக்கான தள்ளுபடி போய்விடும்.

அதே வாசகர்: ஆனால் புதுப் பள்ளிக்கு ரேட்டிங்கே இல்லையே?

பதில்: புதிதாகத் திறக்கும் ஹைஸ்கூல் பெரும்பாலும் கீழ் வகுப்புகளோடுதான் தொடங்கும். தேர்வு முடிவு சேர்ந்த பிறகுதான் கிரேட்ஸ்கூல்ஸ் போன்ற பள்ளி ரேட்டிங் தளங்கள் எண் போடும். வீட்டு விற்பனை லிஸ்டிங்கில் (விளம்பரத்தில்) அந்த இடம் காலியாக இருக்கும் காலத்தில் விலை சற்று மந்தமாக இருக்கலாம். வாங்க நினைப்பவருக்கு அது நல்ல நேரம். அங்கே வரப்போகும் பிள்ளைகள் எந்தெந்த மிடில் ஸ்கூலிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால், வரப்போகும் எண்ணை ஓரளவு இன்றே கணித்துவிடலாம்.

டெக்சஸில் இன்னொரு கணக்கும் உண்டு. வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்பது 1997-லிருந்து சட்டம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் வரம்பு தனி. 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். நூறு பேரில் எண்பது பேர் ஏபி (கல்லூரித் தரப்) பாடங்களில் முட்டி மோதும் பள்ளியில் அந்த 5-க்குள் வருவது குதிரைக்கொம்பு. "மட்டமான" பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள் என்று அழுகிறவர்கள் ரேங்க் பட்டியலையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

கேள்வி (சான் ஹோசே, கலிஃபோர்னியா): லிஸ்டிங்கில் ஊர் குப்பர்ட்டினோ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் மோன்ட்டா விஸ்டா ஹைஸ்கூல்தானே அண்ணா?

பதில்: இல்லை. ஊர் பெயர், ஜிப் கோடு, பள்ளி மாவட்டம், பள்ளி எல்லை நான்கும் தனித்தனிக் கோடுகள். குப்பர்ட்டினோ யூனியன் என்பது எட்டாம் வகுப்பு வரை. சான் ஹோசேயின் மேற்குப் பகுதியும் சன்னிவேலில் ஒரு பகுதியும் அதற்குள் வரும். ஹைஸ்கூலுக்கு ஃப்ரீமான்ட் யூனியன் என்ற வேறு மாவட்டம். அதற்கும் ஃப்ரீமான்ட் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. அதில் ஐந்து பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை. அந்த ஐந்தில் ஒன்றான லின்புரூக் பள்ளியே சான் ஹோசே நகருக்குள்தான் இருக்கிறது. ஃப்ரிஸ்கோவிலும் இதே கதை: நகரத்தின் சில பகுதிகள் ப்ராஸ்பர், லூயிஸ்வில், லிட்டில் எல்ம் மாவட்டங்களில் விழும்.

ஆஃபர் போடுமுன் மாவட்டத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஸில்லோ, ரெட்ஃபின் போன்ற வீட்டு விற்பனைத் தளங்கள் காட்டும் எல்லை பழையதாக இருக்கலாம். பிறகு அந்த வீட்டின் சொத்துவரி ரசீதை எடுத்து எந்தெந்தப் பள்ளி மாவட்டத்துக்கு வரி போகிறது என்று பாருங்கள், ரசீதில் பொய் இருக்காது. கடைசியாக என்ரோல்மென்ட் அலுவலகத்துக்கு முகவரியைக் குறிப்பிட்டு மெயில் போடுங்கள். "இந்த வீடு எந்தப் பள்ளி?" என்பதோடு நிறுத்தாமல், "இந்த வகுப்பில் இப்போது இடம் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?" என்றும் கேளுங்கள். எல்லைக்குள் இருந்தும் இடம் நிரம்பி வேறு பள்ளிக்குப் போகும் குழந்தைகள் உண்டு.

ஏஜென்ட்டிடம் "நல்ல ஸ்கூலா?" என்று கேட்டு அவர் நழுவினால் கோபப்படாதீர்கள். இனம், மதம் பார்த்து ஆட்களை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவதைக் கூட்டாட்சி வீட்டுவசதிச் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பயத்தில்தான் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கேள்வி (ஆஷ்பர்ன், வர்ஜீனியா): எந்த வீடு பிற்காலத்தில் வேறு பள்ளிக்குப் போகும் என்று வாங்கும் முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் பள்ளியின் கொள்ளளவு. மாவட்டங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மூலதனத் (கட்டடச் செலவுத்) திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் இத்தனை இடம், இத்தனை பிள்ளைகள், ஐந்தாறு ஆண்டு கணிப்பு என்று அட்டவணை இருக்கும். 110 சதவீதத்தைத் தாண்டி, மைதானத்தில் டிரெய்லர் வகுப்பறைகள் நின்றால் அந்தப் பள்ளி ஆட்களைக் கழிக்கப் போகிறது. கூடவே பக்கத்துப் பள்ளியில் 80 சதவீதம்தான் நிரம்பியிருந்தால் எங்கே கழிக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து மேப்பில் வீடு இருக்கும் இடம். மாவட்டங்கள் தெருத் தெருவாக வெட்டுவதில்லை. பிளானிங் ஜோன் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்து, துண்டு துண்டாகத்தான் நகர்த்தும். உங்கள் துண்டு கோட்டின் ஓரத்தில் இருக்கிறதா, பெரிய சாலைக்கு அந்தப்பக்கம் தனித்து நிற்கிறதா, தொடக்கப் பள்ளித் தோழர்கள் எல்லாம் ஒரு மிடில் ஸ்கூலுக்குப் போக இவர்கள் மட்டும் வேறொன்றுக்குப் போகிறார்களா? இதில் எது இருந்தாலும் அடுத்த மேப்பில் முதலில் தொடப்படும் துண்டு அதுதான். பள்ளிக்கு எதிர்வீடு என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மூன்றாவது, கௌன்ட்டி நிர்வாகம் ஒப்புதல் கொடுத்திருக்கும் புதுக் குடியிருப்புகள். பில்டரின் விற்பனை அலுவலகத்தில் சுவரில் மாட்டியிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள். பள்ளி ஒதுக்கீட்டுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வரி ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கும், தேடுங்கள்.

கூட்டம் மட்டுமல்ல, ஆள் குறைவதும் எல்லையை நகர்த்தும். வீட்டு விலை ஏறி இளம் குடும்பங்கள் வர முடியாத இடங்களில் இப்போது இதுதான் அதிகம். குப்பர்ட்டினோவில் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் தொடக்கப் பள்ளிகள் 2022-ல் மூடப்பட்டன. பிளேனோவில் நான்கு பள்ளிகளும், ஒரு காலத்தில் ஆண்டுக்கொரு பள்ளி திறந்த ஃப்ரிஸ்கோவில் ஸ்டேலி மிடில் ஸ்கூலும் 2025-ல் மூடப்பட்டன. உங்கள் பக்கத்து கௌன்ட்டியான ஃபேர்ஃபாக்ஸிலோ 2024-ல் திருத்திய கொள்கைப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை மொத்த எல்லைகளையும் பார்த்தாக வேண்டும். அங்கே எதையும் நிரந்தரம் என்று எண்ணி வாங்கக் கூடாது.

நான் சொல்லும் விதி ஒன்றுதான்: கோட்டுக்கு அந்தப்பக்கப் பள்ளிக்குப் போனாலும் இந்த விலை தருவீர்களா? தர மாட்டீர்கள் என்றால், அந்த வித்தியாசத்தை போர்டு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்து கொடுங்கள். மாவட்ட எல்லை லேசில் நகராது, அதற்குப் பணம் கொடுக்கலாம். மாவட்டத்துக்குள் இருக்கும் பள்ளிக் கோட்டுக்குக் கொடுப்பதில் பாதியைப் பேரத்தில் குறையுங்கள்.

கேள்வி (கேரி, நார்த் கரோலினா): புது வீடு, பக்கத்திலேயே பள்ளி. ஆனால் 'கேப்' ஆகிவிட்டது என்கிறார்களே?

பதில்: கேரி இருக்கும் வேக் கௌன்ட்டியில் நிரம்பி வழியும் பள்ளிக்கு உச்சவரம்பு வைப்பார்கள். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அந்த எல்லைக்குள் குடிவந்தவர்களின் பிள்ளைகள் ஓவர்ஃப்ளோ பள்ளிக்குப் போவார்கள். பக்கத்து வீட்டுப் பையன் போகும் பள்ளிக்கு உங்கள் பையன் போக முடியாமல் போவது இதனால்தான். மறுவிற்பனை வீடானாலும் குடிவரும் தேதிதான் கணக்கு.

அங்கே காலண்டரையும் கேட்டுவிடுங்கள். ஆண்டு முழுவதும் நடக்கும் பள்ளிகளில் 45 நாள் வகுப்பு, 15 நாள் விடுமுறை என்று சுற்றும். ஒரு பிள்ளை அதிலும் இன்னொன்று சாதாரணக் காலண்டரிலும் மாட்டினால் ஊருக்கு டிக்கெட் போடுவதே பெரும்பாடு.

கேள்வி (நேப்பர்வில், இல்லினாய்): பொதுக் கூட்டத்தில் பேசப் போகிறோம். என்ன சொன்னால் எடுபடும்? வழக்குப் போடலாமா?

பதில்: "எங்கள் வீட்டு விலை விழும்" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். போர்டின் அளவுகோல்களில் அது கிடையாது. தூரம், கொள்ளளவு, பிள்ளைகள் அடிக்கடி மாறாமல் இருப்பது, சேர்ந்தே மேல்பள்ளிக்குப் போவது, பஸ் செலவு இவைதான் இருக்கும். "அந்தப் பள்ளிப் பிள்ளைகளோடா?" என்ற தொனி வந்தாலோ கேஸ் முடிந்தது, மறுநாள் செய்தியில் அதுதான் வரும்.

ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். இருபது பேர் ஒரே பேச்சைப் படிப்பதைவிட ஆளுக்கொரு விஷயம் எடுங்கள். ஒருவர் உங்கள் பிளானிங் துண்டின் எண்ணையும் வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கையையும் சொல்லட்டும். ஒருவர் நடைபாதை, சிக்னல், ரயில் கிராஸிங் படங்களைக் காட்டட்டும். ஒருவர் மாற்று மேப் கொடுக்கட்டும். அந்த மேப்பில் உங்களுக்குப் பதில் நகரும் துண்டில் அதே அளவு பிள்ளைகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊழியர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். வரைவு வருமுன், கமிட்டி உட்காரும் கட்டத்திலேயே போனால் இதில் பாதி வேலைகூட வேண்டாம்.

வழக்கு வேண்டாம் என்பேன். கோடு போடுவது போர்டின் அதிகாரம் என்றே நீதிமன்றங்கள் பெரும்பாலும் விட்டுவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மெட்டியா வேலி ஹைஸ்கூலின் இடத்தை எதிர்த்து 2008-ல் வழக்குப் போட்டார்கள். 2009-ல் மாவட்டம் தேர்ந்தெடுத்த இடத்திலேயே பள்ளி திறந்தது.

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்): விலை குறைந்தால் சொத்துவரியாவது குறையுமா?

பதில்: வரிக்கான வீட்டு மதிப்பீடு ஜனவரி 1 நிலவரப்படி. நோட்டீஸ் வந்ததும் மே 15 அல்லது நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தையதோ அதற்குள் ப்ரொட்டெஸ்ட் (ஆட்சேபம்) போட வேண்டும். எல்லை மாறிய பிறகு விற்ற வீடுகளின் விவரம்தான் ஆதாரம், மேப் மட்டும் போதாது. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சலுகையில் உங்கள் வரி மதிப்பு ஏற்கெனவே சந்தை மதிப்பைவிடக் கீழே இருந்தால், சந்தை மதிப்பு கொஞ்சம் இறங்கினாலும் பில் மாறாது. கலிஃபோர்னியாவிலும் அப்படியே: பத்து ஆண்டு முன்பு வாங்கியவருக்கு வரி மதிப்பு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் ப்ராப் 13 சட்டத்தின் அடிப்படை மதிப்பு அவ்வளவு கீழே இருக்கும், குறைக்கக் கேட்கவே வழியில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம்): தம்பி வீடு பழைய எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்த முகவரியைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குடியிருப்புச் சரிபார்ப்புக்கு வீட்டுக்கு ஆள் அனுப்பும் மாவட்டங்கள் உண்டு. பிடிபட்டால் நடு ஆண்டில் பையனை எடுத்துவிடுவார்கள். சில இடங்களில் கட்டணமும் வசூலிப்பார்கள். அந்தப் பள்ளிதான் வேண்டும் என்றால் எல்லைக்குள் உண்மையாகவே அபார்ட்மென்ட் எடுத்துக் குடிபோங்கள். லீஸும் கரண்ட் பில்லும் போதும், வீடு வாங்கத் தேவையில்லை.

கேள்வி (ஃபோர்சித் கௌன்ட்டி, ஜார்ஜியா): பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. இவளையும் மாற்றிவிடுவார்களா?

பதில்: பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்களைப் பழைய பள்ளியிலேயே முடிக்க விடுவது பல மாவட்டங்களில் வழக்கம். பதினொன்றுக்குப் போகிறவர்களுக்கும் சில இடங்களில் உண்டு. இதற்கு 'கிராண்ட்ஃபாதர்' விதி என்பார்கள். தானாக நடக்காது, படிவம் போட வேண்டும், கடைசித் தேதி வோட்டெடுப்பு முடிந்த சில வாரங்களிலேயே வந்துவிடும். தம்பி தங்கைக்கும் அந்த உரிமை உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. படிவத்தில் பஸ் பற்றிய வரியையும் படியுங்கள்: பழைய பள்ளியில் தொடர்கிறவர்களைப் பெற்றோரே கொண்டுபோய் விட வேண்டும் என்றுதான் பல இடங்களில் இருக்கும்.