இரண்டு நாள் பட்டறைக்கு 9,000 வெள்ளியா?

பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் கேட்கிறார்: "எங்கள் பள்ளியில் டிஎல்பி என்ற இருமொழித் திட்டப்படி அறிவியலை ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். பிள்ளைகள் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் பேசுவதில்லை. ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் ஏறும் என்று ஓர் ஏஜெண்டு வந்திருக்கிறார். பள்ளிக்கு 9,000 வெள்ளி. எங்களோடு சேர்த்து ஐந்து பள்ளிகளிடம் பேசியிருக்கிறார். பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று ஒரு வரைபடமும் காட்டுகிறார். நம்பலாமா? பயிற்சியால் பலன் உண்டா என்று நாங்களே ஆராய்ந்து பார்க்க முடியுமா?"

ஐயா, பணத்தை இன்னும் கட்டவில்லை அல்லவா? அப்படியே வைத்திருங்கள்.

முதலில் அந்த வரைபடம். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் மிக மோசமாக விழுந்த வகுப்பாகப் பார்த்துத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பருவம் காய்ப்பு படுத்துவிட்டால், அடுத்த பருவம் பெரும்பாலும் கொஞ்சம் தேறும். இடையில் யார் உரம் போட்டாரோ அவர் பெயர் வாங்கிக்கொள்வார். படுத்த மதிப்பெண்ணும் அப்படித்தான், பயிற்சி இல்லாமலே பெரும்பாலும் கொஞ்சம் எழுந்து நிற்கும். பயிற்சி பெறாத இன்னொரு வகுப்பு அதே காலத்தில் எவ்வளவு ஏறியது என்று காட்டாத வரைபடத்துக்கு மதிப்பே இல்லை.

டிம்ஸ் என்ற அனைத்துலகத் தேர்வை வைத்தும் இதே வித்தை காட்டலாம். நம் படிவம் 2 மாணவர்களின் அறிவியல் புள்ளி 2003-இல் 510, 2011-இல் 426, 2015-இல் 471, 2023-இல் மறுபடி 426. இதில் 2011-ஐயும் 2015-ஐயும் மட்டும் எடுத்துக் காட்டினால் நாடே முன்னேறியது போல் இருக்கும்.

இரண்டாவது, "ஆசிரியர்கள் 95 விழுக்காடு திருப்தி" என்று ஒரு தாள் நீட்டுவார். பட்டறையில் மத்தியானம் பிரியாணி நன்றாக இருந்தால்கூட அந்தத் தாளில் புள்ளி ஏறும். ஆசிரியர் திருப்தியும் பிள்ளையின் அறிவியலும் வேறு வேறு.

இனி நீங்கள் கேட்ட ஆராய்ச்சி. ஒரு பிள்ளையிடம், ஐஸ் மைலோ கிளாஸின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று கேளுங்கள். தமிழில் கேட்டால், "காத்துல இருக்கிற நீராவி கிளாஸ்ல பட்டு குளிர்ந்து தண்ணியாகுது" என்று டக்கென்று சொல்வான். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் "ஐஸ் வாட்டர் கோ அவுட்" என்று எழுதி முட்டை வாங்குவான். கிளாஸுக்குள் இருக்கும் தண்ணீர் கசிந்து வந்ததாக அவன் நம்புவதாய் திருத்துபவர் எடுத்துக்கொள்வார். அவனுக்கு வராதது ஆங்கிலம், அறிவியல் அல்ல. எதிர்மாறாகவும் நடக்கும்: 'கண்டென்சேஷன்' என்ற சொல்லை மனப்பாடம் செய்து எழுதியவளுக்கு அது என்னவென்றே தெரியாது, ஆனால் முழு மதிப்பெண். ஆகவே ஒரே கேள்விக்கு இரண்டு புள்ளி போடுங்கள், கருத்துக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று. சில கேள்விகளை வாய்மொழியாகத் தமிழிலும் கேளுங்கள். இதைச் செய்யாமல் பயிற்சியால் அறிவியல் வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

தேர்வுத்தாளை ஏஜெண்டு கொண்டு வந்தால் வாங்காதீர்கள். ஒரு பள்ளிக்கு மதிப்பீடு செய்யப் போனேன். பட்டறையில் பயிற்சியாளர் செய்து காட்டிய அதே மெழுகுவர்த்திச் சோதனை, தேர்வில் மூன்றாவது கேள்வியாக உட்கார்ந்திருந்தது! நேர்மையாகச் செய்தாலும் இந்தச் சாய்வு வரும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து, ஐந்தாம் வகுப்பு அறிவியலில் 66 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆய்வு செய்தார்கள். ஆய்வாளர்கள் தாங்களே தயாரித்த தேர்வில் தெரிந்த பலன், மாநில அரசுத் தேர்வில் அதைவிடக் குறைவாகவே தெரிந்தது.

66 பள்ளிகள் என்றதைக் கவனித்தீர்களா? உங்கள் ஐந்து பள்ளிகளில் 600 பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் பயிற்சி ஆசிரியருக்குத்தான். ஒரு நல்ல ஆசிரியை ஒரு பள்ளியில் இருந்துவிட்டால் அந்தப் பள்ளிக் கணக்கே மாறிவிடும். ஆகவே எண்ண வேண்டியது பள்ளியை, அது வெறும் ஐந்து. ஐந்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பலனே இல்லாத பயிற்சிக்கு மறுபடியும் பணம் கட்டாமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

அதற்கான வழி: ஐந்து பள்ளிகளின் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்குங்கள். மூன்று பள்ளிக்கு இப்போது பயிற்சி, இரண்டுக்கு அடுத்த ஆண்டு. எல்லோருக்கும் கிடைக்கும், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஐந்திலும் ஒரே நாளில் முன்தேர்வு, பின்தேர்வு. தாள்களைப் பெயர் மறைத்து, பள்ளி மாற்றித் திருத்துங்கள்.

நடுவில் யாரையும் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை பிள்ளைப்பேறு விடுப்பில் போய் தற்காலிக ஆசிரியர் வந்தாலும் அந்த வகுப்பு பயிற்சிப் பக்கமே. ஒரே விலக்கு, முன்தேர்வுக்குப் பிறகு வேறு பள்ளியிலிருந்து மாறி வந்த பிள்ளை. அவனுக்குத் தொடக்கப் புள்ளி கிடையாது. சிலர் சராசரியைப் போட்டு நிரப்புவார்கள், வேண்டாம். சிலர் பழைய பள்ளியின் பிபிடி, அதாவது வகுப்பறை மதிப்பீட்டு நிலையை எடுப்பார்கள், அதுவும் வேண்டாம், அது வேறு அளவுகோல். தேர்வு எழுதட்டும், தாளைத் தனி உறையில் போடுங்கள், ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். ஆனால் முன்தேர்வன்று காய்ச்சலால் வராத உங்கள் பிள்ளை இந்த விலக்கில் வரமாட்டான். பயிற்சி தொடங்குமுன் ஒரு நாள் அழைத்து எழுத வையுங்கள். தேசிய மொழிப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரே வகுப்பில் சேர்ந்தால் அதைக் குறித்தும் வையுங்கள், வகுப்பின் குணமே மாறியிருக்கும்.

இவ்வளவு பாடு உங்களுக்கு ஏன்? ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யூபிஎஸ்ஆரை 2021-இல் ஒழித்தார்கள். பிபிடியில் ஒன்று முதல் ஆறு வரை நிலை கொடுப்பவர் யார்? பயிற்சி பெற்ற அதே ஆசிரியர். தன் சமையலுக்குத் தானே மதிப்பெண். அறிவியலும் கணிதமும் 2003-இல் ஆங்கிலத்துக்குப் போயின, 2012-இலிருந்து படிப்படியாகப் பழைய மொழிக்கே திரும்பின, 2016-இல் டிஎல்பி வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பட்டறை, மடிக்கணினி, சான்றிதழ். பிள்ளைக்கு என்ன வந்தது என்று கேட்க ஆளில்லை.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300-க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்து 2007-இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வந்தது. தரத்துக்குத் தேறியவை ஒன்பதே. அவற்றில் 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகளில் மாணவர் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. உங்கள் ஏஜெண்டின் இரண்டு நாளில் தேநீரையும் திறப்புரையையும் கழித்தால் பத்து மணி நேரம் தேறுமா? வகுப்பறைக்கே வந்து உட்கார்ந்து பார்த்து, மறுபடி பேசி, ஆண்டு முழுவதும் தொடரும் பயிற்சி என்றால் பேசலாம். அதற்கும் முதலில் குளுகோரில் உள்ள தென்கிழக்காசிய அறிவியல், கணிதக் கல்வி மையமான ரெக்சாமையும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. வெளியாள் பள்ளியில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் கொள்கைத் திட்டமிடல், ஆய்வுப் பிரிவின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். "புள்ளிவிவரத்துக்கு" என்று பிள்ளைகளின் ஐசி (அடையாள அட்டை) எண்ணோடு பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வாங்கிவிட்டாரா? அப்படியானால் இன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லி, அதை அழிக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.